பாதம் வைத்த ஷாக் அப்சார்பர்

உலகத்தின் எல்லாக் கேள்விகளுக்கும் ஹர்ஷவர்தனின் கைப்பேசியில் ஒரு படம் இருந்தது. அன்று காலை இருந்தது, எங்கேயோ ஒரு பாலைவனத்தில் மணலைக் கிளப்பிக்கொண்டு அந்தரத்தில் பறக்கும் ஒரு வண்டியின் பின்பக்கம். அதன் ஷாக் அப்சார்பர்கள் இரண்டும், மத்தியானச் சாப்பாடு முடித்துத் தூணில் சாய்ந்தவர்களைப் போல, நன்றாகச் சாய்ந்து கிடந்தன.

“பாருங்கக்கா. நாப்பத்தஞ்சு டிகிரி. செம லுக். நமக்கும் இப்படியே வெச்சிடலாம்.”

கிரேஸ் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

“வண்டி மேல பறக்குது, சரி. கீழ எறங்கினப்ப எடுத்த போட்டோ இருக்குதா தம்பி?”

“அது... அப்லோட் பண்ணலக்கா.”

“பண்ண மாட்டாங்க.”

செவிலிமேட்டில், பாலாற்றுப் பாலத்துக்குப் போகும் சாலையில், தகரக் கொட்டகையின் மேல் ‘கிரேஸ் வெல்டிங் ஒர்க்ஸ்’ என்ற பலகை தொங்கியது. ஒரகடம் பக்கத் தொழிற்சாலை ஒன்றில், ஷாக் அப்சார்பர்களைச் சோதிக்கும் அறையில், ஆறு வருடம் வேலை பார்த்தவள் கிரேஸ். ஒரு ஷாக்கை லட்சம் தடவை அமுக்கி லட்சம் தடவை இழுத்து, அது எப்போது அழ ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்வதுதான் அவள் வேலை. ஒருநாள் அந்த அறையை வேறு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறைக்குள் இருந்தவர்களை மட்டும் மறந்துவிட்டுப் போனார்கள். ஊருக்கு வந்து கொட்டகை போட்டாள். இத்தனை ஞானத்துடன் வந்தவளிடம் காஞ்சிபுரம் கேட்டது, ஜன்னலுக்கு அன்னப்பறவை வைத்த கிரில். முசரவாக்கத்தில் புதிதாக வீடு கட்டியவர்கள் மயில் கேட்டார்கள். மூன்று வருடத்தில் அவள் செய்த பறவைகளைத் திறந்துவிட்டால் வேடந்தாங்கலில் இடம் போதாது.

அதனால்தான் ஹர்ஷவர்தனின் பழைய பிக்கப் அவளுக்கு முக்கியமாக இருந்தது. காஞ்சியில் சேற்றில் வண்டி ஓட்டுவதற்கென்றே ஒரு கிளப் இருந்தது. அதன் தலைவர் கோதண்டபாணி, பட்டுக்கடை முதலாளி. வாரம் முழுக்கச் சேலையில் ஒரு தூசு படாமல் பார்த்துக்கொண்ட மனுஷன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேற்றில் முங்கினார். அவர்தான் ஒரு தடவை கொட்டகைக்கு வந்து எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, கிரில்லு, கேட்டுன்னு செய்றவங்கள்லாம் ஷாக்கு மாட்ட கெளம்பிட்டாங்களா?” என்று சிரித்தவர். சிரித்த வாயால் ஒரு வாக்கும் கொடுத்தார். தென்னேரி ஏரிக்கரைப் பக்கம் நடக்கப்போகும் ஓட்டத்தில் இந்தப் பிக்கப் நாலு சுற்றும் உடையாமல் முடித்தால், கிளப்பின் மீதி ஏழு வண்டிகளும் கிரேஸிடம்தான் வரும். ஏழு வண்டி வந்தால் பறவைகளை விட்டுவிடலாம். அவள் கணக்கு அவ்வளவுதான்.

ஆகவே அந்த நாற்பத்தைந்து டிகிரியை அவள் வாயால் மறுக்கவில்லை. வண்டியின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிக் கீழே போட்டாள். ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் இன்னொன்று போய்வரும்படி வெட்டி, ஷாக்கின் நீளத்துக்கே ஒரு பொய் ஷாக் செய்தாள். அதை முதலில் நேராக நிறுத்திக் கட்டினாள். கொட்டகையின் இன்னொரு ஆளான பரசுராமன் ஜாக்கியை மிதித்து அச்சைப் பத்து அங்குலம் தூக்கினார். குழாய் பத்து அங்குலம் உள்ளே போனது. பிறகு அதையே ஹர்ஷவர்தன் ஆசைப்பட்ட மாதிரி சாய்த்துக் கட்டினாள். மறுபடி பத்து அங்குலம். குழாய் ஏழே சொச்சம் அங்குலம் போய் நின்றது.

“மூணு இஞ்சு எங்கக்கா போச்சு?”

“லுக்குக்குப் போச்சு. இது மட்டும் இல்ல தம்பி, சக்கரத்த புடிச்சி அடக்குற பலமும் பாதிதான் இருக்கும். ஷாக்கு தூங்கும், சக்கரம் குதிக்கும், உன் முதுகெலும்பு முழிச்சிக்கினு இருக்கும்.”

“கீழ முனைய நடுவுல, அந்த கியர் கூடுகிட்ட கொண்டுபோய் வெச்சா?”

“ஒரு சக்கரம் கல்லு மேல ஏறுது, இன்னொண்ணு பள்ளத்துல எறங்குதுன்னு வெச்சிக்க. நடு எங்க போவும்? எங்கயும் போவாது. சீசா பலகையில நடுவுல குந்தினவன் மாதிரி. அங்க ஷாக்க வெக்கிறதும் ஒண்ணுதான், ஊதுபத்தி சொருவறதும் ஒண்ணுதான்.”

பரசுராமன் ஜாக்கியை இறக்கிவிட்டு, “ஊதுபத்தின்னா வாசனையாவது வரும்” என்றார்.

அவள் இடத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். கொத்தனாரின் தூக்குக்குண்டை வண்டியின் சட்டத்திலிருந்து தொங்கவிட்டாள். அச்சு முழுசாக மேலே போனால் ஷாக் முட்டக் கூடாது. அதற்கு முன்னால் ரப்பர் கட்டை முட்ட வேண்டும். முழுசாகக் கீழே தொங்கினால் ஷாக் இழுபடக் கூடாது. அச்சைத் தோல்வார் பிடித்து நிறுத்த வேண்டும். கீழ் முனை சக்கரத்துக்கு எவ்வளவு ஒட்டிப் போகுமோ அவ்வளவு ஒட்டி. மேல் முனை அதற்கு நேர் மேலே. நேர் மேலே என்றால் பின்தொட்டியின் தரையைத் தாண்டி. தொட்டியில் இரண்டு ஓட்டை போட்டு, குழாயை வளைத்து வளையம் கட்டி, அதில் மேல் பிராக்கெட்டைப் பற்றவைத்தாள். ஓட்டை விழுந்தபோது ஹர்ஷவர்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், காது குத்தும்போது குழந்தையின் தகப்பன் திருப்பிக்கொள்வதைப் போல.

வேலை முடிந்தது. பற்றவைப்பு மணி கோத்தது போல வந்திருந்தது. கிரேஸ் வண்டியின் மூலையில் ஏறிக் குதித்துப் பார்த்தாள். வண்டி ஒரே தடவை இறங்கி, ஒரே தடவை ஏறி, நின்றுவிட்டது. இரண்டாவது தடவை ஆடவில்லை. அந்த ஒரு அசைவுக்காகத்தான் அவள் ஆறு வருடம் காது செவிடாக ஒரு அறையில் உட்கார்ந்திருந்தாள்.

பெயின்ட் அடிக்கும் பொறுப்பை ஹர்ஷவர்தன் ஏற்றுக்கொண்டான். அவனையும் ஏதாவது செய்ய விட வேண்டுமே என்று அவளும் விட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது.

ஷாக் இரண்டுக்கும் வெள்ளை. சேறு பட்டால் தெரியுமாம். அச்சுக்கும் அதன் நடுவில் தொங்கும் உருண்டைக் கூட்டுக்கும் வெள்ளை, அதே காரணம். தண்ணீரில் இறங்கினாலும் அடைக்காதிருக்கப் புகைக்குழாயைத் தொட்டியின் பின்னால் நடுவில் செங்குத்தாக ஏற்றிவிட்டிருந்தார்கள். அதற்குச் சிவப்பு. நல்ல, பளிச்சென்ற, குங்குமச் சிவப்பு.

மறுநாள் காலை ஹர்ஷவர்தனின் அப்பா தேவராஜன் வந்தார். வண்டி அவர் பேரில் இருந்தது. கருட சேவைக்கு வரும் ஜனங்களுக்குத் தண்ணீர் டிரம் கொண்டுபோக என்று ஏலத்தில் எடுத்தது. ஓட்டத்தில் கலந்துகொள்ள உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்று கிளப்பின் படிவம் சொன்னது. கையெழுத்துப் போடும் முன் வண்டியைச் சுற்றிப் பார்ப்பது நியாயம்தானே. முன்னால் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். பின்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏண்டா ஹர்ஷா, இது என்னது?”

“ஷாக் அப்சார்பர்ப்பா.”

“எனக்குத் தெரியறது. என்ன ரூபத்துல நிக்கறதுன்னு கேட்டேன்.”

கிரேஸும் பரசுராமனும் அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நேராக நிற்கும் இரண்டு வெள்ளைக் கோடு. அடியில் வெள்ளை வளைவு. நடுவில் சிவப்பு. ஒரு முழு நாமம், நாலடி அகலத்தில்.

அதுவாவது பரவாயில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் நாமம் இரண்டு வகை. அடியில் வளைந்து முடிவது ஒன்று. வளைவுக்குக் கீழே மூக்கின்மேல் ஒரு பாதம் வைத்து முடிவது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் இடையில் நடந்த வழக்குகளின் காகிதத்தைத் தேரில் ஏற்றினால் தேருக்கும் ஷாக் அப்சார்பர் தேவைப்படும். தேவராஜன் வீட்டு நாமம் பாதம் வைத்தது. வண்டியின் நாமத்துக்குப் பாதம் இல்லை.

“நான் இதுல ஏறி சந்நிதி வீதியில போனா எதிராத்துக்காரா என்ன சொல்லுவா? கட்சி மாறிட்டான்னு சொல்லுவா. எங்கப்பா காலத்துலேர்ந்து எதுத்த கட்சி. ஒரு லாரியால மாறணுமா?”

“கறுப்பு பெயின்ட் அடிச்சிட்றேன் சார்” என்றாள் கிரேஸ். அவர் பள்ளியில் அவளுக்குக் கணக்கு எடுத்தவர்.

“பெயின்ட் அடிச்சா ரூபம் போயிடுமா? கறுப்பு நாமம்னு சொல்லுவா. அது இன்னும் அவமானம்.”

கிரேஸ் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துத் தரையில் முக்கோணம் போட்டாள். சாய்ந்த கோடு, நேர்க்கோடு, இடையில் கோணம். கோசைன் எழுதினாள். சாய்த்தால் எவ்வளவு போகும், நடுவில் கொண்டுபோனால் எவ்வளவு போகும், எல்லாம் எழுதினாள். தேவராஜன் குனிந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஒரு இடத்தில் தசமப் புள்ளியைத் திருத்தினார்.

“கணக்கு ரொம்ப சரி. நூத்துக்கு நூறு. நேரா இருக்கணும், ஓரமா இருக்கணும். நிரூபணம் ஆயிடுத்து.”

“அப்போ கையெழுத்து சார்?”

“பாதம் எங்கே?”

அவர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஹர்ஷவர்தன் தலையில் கைவைத்து டயர்மேல் உட்கார்ந்தான்.

“நடுவுலயே சாச்சி வெச்சிடுங்கக்கா. கீழ ரெண்டும் கியர் கூட்டுல சேர்ந்தா பாதம் மாதிரி ஆயிடும். அப்பா ஒத்துப்பார்.”

“வண்டி ஒத்துக்காதே.”

“ஓடாம நிக்கறதுக்கு ஓடி உடைஞ்சா மேல்க்கா.”

உனக்கு மேல், எனக்கு? என்று நினைத்துக்கொண்டாள் கிரேஸ். உடைந்தால் கோதண்டபாணி சிரிப்பார். ‘கேட்டு செய்ற கை’ என்பார். ஓடாவிட்டாலும் அதையேதான் சொல்வார். பனிப்பிரதேசத்துக் கதைகளில் வண்டியின் அச்சு முறிந்தால் ஓநாய்கள் சூழ்ந்துகொள்ளும். இங்கே ஓநாய்க்குப் பஞ்சம். ஊர் வாய் போதும்.

பரசுராமன் பீடியை அணைத்தார். “வேல செய்றது ஒண்ணு, கண்ணுக்குத் தெரியறது ஒண்ணு. எதுக்கு ரெண்டையும் ஒண்ணா போட்டுக் கொழப்பிக்கிற கிரேஸு?”

“இன்னாண்ணே சொல்ற?”

“மூலைல செத்த ஷாக்கு கெடக்குதே ரெண்டு. எண்ணெ ஒழுகிப்போனது. அதுக்கு வெள்ள அடி.”

கிரேஸ் அவரை முறைத்தாள். வேலை செய்யாத ஒன்றை வண்டியில் மாட்டக் கூடாது என்பது அவள் கொள்கை. கொள்கையோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்ச் செத்த ஷாக்குகளை எடுத்தாள்.

நிஜ ஷாக்குகளுக்குக் கறுப்பு. அச்சுக்கும் கறுப்பு. அவற்றுக்குப் பின்னால் சேறு தடுக்க என்று ரப்பர் திரை தொங்கவிட்டாள். திரைக்கு வெளியே செத்தவை இரண்டும் வெள்ளையாக, மேலே அகன்று கீழே நெருங்கி, கியர் கூட்டின்மேல் வந்து சேர்ந்தன. அங்கே உள்ளங்கையளவு வெள்ளைத் தகடு ஒன்று. பாதம். உள்ளே எண்ணெய் கிடையாது. தடியை விரலால் தள்ளினால் போய்வந்தது. எதற்கும் குறுக்கே நிற்காது, எதற்கும் உதவாது. நடுவில் புகைக்குழாய் சிவப்பாக நின்றது.

தேவராஜன் மறுபடி வந்தார். பின்னால் நின்று பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொள்ள எழுந்த கையைப் பாதி வழியில் நிறுத்திக் கண்ணாடியைச் சரிசெய்தார். அப்புறம் குனிந்து ரப்பர் திரையைக் குடை நுனியால் விலக்கினார். உள்ளே கறுப்பாக, நேராக, ஓரமாக நிற்பவற்றைப் பார்த்தார்.

“உள்ள இருக்கறது கைங்கர்யம் பண்றது. வெளில இருக்கறது தரிசனம் குடுத்து சேவை சாதிக்கறது. அப்படித்தானே?”

“ஆமா சார்.”

“எல்லாக் கோயில்லயும் அப்படித்தான்” என்று திரையை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தென்னேரியில், ஏரிக்குப் பக்கத்துப் பொட்டலில், டிராக்டர் விட்டுக் குழைத்த சேறு ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குக் காத்திருந்தது. நடுநடுவே கல், பள்ளம், மரக்கட்டை. எட்டு வண்டி. ஹர்ஷவர்தன் ஓட்ட, பக்கத்தில் கிரேஸ் தலைக்கவசத்துடன். வேலியோரம் பரசுராமன் சுண்டல் பொட்டலத்துடன்.

முதல் கல்வரிசையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடது சக்கரம் ஏறியது, வலது இறங்கியது, வண்டி இடுப்பை வளைத்து நடந்துபோயிற்று. மற்ற வண்டிகள் சேற்றில் தவளை மாதிரி குதித்துக்கொண்டிருந்தன. கோதண்டபாணியின் வண்டியில் ஷாக்குகள் அந்தப் பாலைவனப் படத்தைப் போலவே சாய்ந்திருந்தன. மூன்றாவது சுற்றில் அது ஒரு மேட்டில் பறந்தது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். இறங்கும்போது மேல் பிராக்கெட் பிய்ந்துகொண்டு வந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

அதே சுற்றில் பிக்கப்பின் பின்னாலும் டணார் என்று ஒரு சத்தம்.

“அக்கா! ஷாக்கு போச்சு!”

“போனது செத்தது. நீ ஓட்டு.”

வெள்ளை ஷாக் ஒன்று கீழ் போல்ட் அறுந்து, சேற்றில் கோடு கிழித்துக்கொண்டே வந்தது. கடைசிச் சுற்றில் மேல் போல்ட்டும் விட்டு, முழுசாகக் கழன்று விழுந்தது. பிக்கப் ஆடவும் இல்லை, அசரவும் இல்லை. நாலு சுற்றையும் முடித்து, நாலு சக்கரத்துடனும் கோட்டைத் தாண்டி நின்றது. முடித்தது அது ஒன்றுதான்.

கிரேஸ் இறங்கிச் சேற்றோடு நின்றாள். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? ஊருக்கு நடுவில், அத்தனை கண்ணுக்கும் எதிரில், வெள்ளை ஷாக் விழுந்தது, வண்டி ஓடியது. இனி அவள் பேசவே வேண்டாம். ரப்பர் திரையைத் தூக்கிக் காட்டினால் போதும்.

கோதண்டபாணி விழுந்த ஷாக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். பின்னால் கிளப் முழுதும்.

“ஒண்ணு போயும் ஓடிச்சே! அப்ப ரெண்டும் இருந்தா இன்னா ஓட்டம் ஓடியிருக்கும்? இன்னா ஐடியாம்மா இது, நடுவுல கொண்டாந்து சேத்தது? எனக்கு இதே மாதிரி வெச்சிக் குடு.”

“அண்ணே, அது சும்மாண்ணே. உள்ள எண்ணெயே கெடையாது. தோ பாருங்க, வேல செய்றது இதுங்க.” திரையைத் தூக்கினாள். கறுப்பு ஷாக்குகள் இரண்டும் சேற்றில் நனைந்து, குடித்தனக்காரர்களைப் போல அடக்கமாக நின்றன.

கோதண்டபாணி ஒரு நொடி பார்த்தார். பிறகு கண்ணடித்தார். “தொழில் ரகசியம். சொல்ல மாட்ட. எனக்குப் புரியுது. நானும் சரிகை எங்க வாங்குறேன்னு யார்கிட்டயும் சொல்றதில்ல.”

“உள்ளங்கையில வெச்சி ஆட்டுங்கண்ணே, தடி தானா போவுது பாருங்க!”

ஆட்டினார். போய்வந்தது. “ஆஹா. எவ்ளோ ஸ்மூத்து!”

கூட்டம் தலையாட்டியது. கிரேஸ் பரசுராமனைப் பார்த்தாள். அவர் சுண்டலை மிகுந்த கவனத்துடன் தின்றுகொண்டிருந்தார். யோசனை அவருடையதுதான் என்று அந்த முகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்ணாயிரம் முன்னால் வந்தார். பெரிய காஞ்சிபுரத்துக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. அவர் வண்டி முதல் சுற்றிலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டிருந்தது.

“இத பாரும்மா, எனக்கும் வேணும். ஆனா நாமம்லாம் எங்க வீட்டுல ஒத்துவராது. பெருசு வண்டிய உள்ளயே உடமாட்டாரு. மூணு ஷாக்கு வாங்கித் தரேன். படுக்கவெச்சி, ஒண்ணு மேல ஒண்ணா, பட்ட மாதிரி போட்டுக் குடுக்க முடியுமா?”

“படுக்கவெச்சா ஒரு இஞ்சுகூட அமுங்காதுண்ணே.”

“அமுங்காட்டி போவுது. கரெக்டா படுக்கைல இருக்கணும். கோணலா இருந்தா பெருசு கண்டுபுடிச்சிடும்.”

ஏழு வண்டி. அவள் கேட்டது அதுதான், கிடைத்திருப்பதும் அதுதான். கிரில்லில் அன்னப்பறவை போட்டவளுக்கு லாரியில் பட்டை போடுவதா கஷ்டம்? கிரேஸ் தலைக்கவசத்தைக் கழற்றிச் சேற்றைத் தட்டினாள்.

“யார் யாருக்கு இன்னா ரூபம் வேணுமோ போட்டுத் தரேன். சிலுவ கேட்டாகூட போட்டுத் தரேன். ஆனா ஒண்ணு. ஒவ்வொரு வண்டியிலயும் உள்ள ரெண்டு ஷாக்கு நிக்கும். அது எங்க நிக்கணும், எப்டி நிக்கணும், தொட்டியில எங்க ஓட்ட விழணும், எல்லாம் நான்தான் சொல்வேன். அதுல எவனும் போன எடுத்துக்கினு வந்து போட்டோ காட்டக் கூடாது. வாயத் தொறந்தா வண்டிய எடுத்துக்கினு போவணும்.”

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இந்தப் பெண் ஏன் இத்தனை கோபப்படுகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. வண்டிக்கு உள்ளே, திரைக்குப் பின்னால், கறுப்பாக, யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் இருக்கப்போவது எங்கே இருந்தால் என்ன?

“அதெல்லாம் உன் இஷ்டம்மா” என்றார் கோதண்டபாணி பெருந்தன்மையாக. எல்லோரும் ஆமோதித்தார்கள். வேலை செய்யப்போகிற பாகத்தைப் பற்றி அவர்களில் ஒருவருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.